ஆங்கில வாக்கியம் பழுதாகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வேலைக்கான விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல், கல்லூரித் திட்ட அறிக்கை என ஏதேனும் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி முடித்த பின், சொற்கள் எல்லாம் தெரிந்த சொற்களாக இருந்தும் வாக்கியம் எங்கோ இடறுவதை உணர்கிறவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. இலக்கண நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்கியத்தில் தென்படும் அறிகுறி எது என்று பார்த்து, அந்தப் பகுதிக்கு நேராகச் சென்றால் போதும். எடுத்துக்காட்டுகள் ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் பழுதுகளில் பெரும்பாலானவை ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. தமிழில் விகுதியும் வேற்றுமை உருபும் பார்க்கும் வேலையை, ஆங்கிலத்தில் சொற்களின் வரிசையும் சின்னஞ்சிறு சொற்களும் நிறுத்தக்குறிகளும் பார்க்கின்றன. 'வந்தேன்' என்ற ஒரு சொல்லுக்குள் செயலும் காலமும் செய்தவரும் அடங்கிவிடுகின்றனர். 'முருகன் கண்ணனை அழைத்தான்' என்பதைக் 'கண்ணனை முருகன் அழைத்தான்' என்று மாற்றினாலும் அழைத்தவர் யார் என்பதில் குழப்பமில்லை, ஏனென்றால் 'ஐ' உருபு அதைக் காத்து நிற்கிறது. ஆங்கிலத்திலோ பெயர்கள் இடம் மாறினால் அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் மாறிவிடுவார்கள். நாம் மொழி மாறும்போது சொற்கள் கூடவே வந்துவிடுகின்றன. உருபும் விகுதியும் பார்த்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் விடுபட்டுப்போகிறது.

எதையும் திருத்துவதற்கு முன்

ஐயத்துக்குரிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, காலம் காட்டும் வினை எது, அதற்கு எழுவாய் எது என்ற இரண்டு கேள்விகளை இதே வரிசையில் கேட்டு, விடைகளை அடிக்கோடிடுங்கள். எழுவாய் ஒன்று, வினை ஒன்று என ஓர் இணை கிடைத்தால் அடித்தளம் சரியாக இருக்கிறது. இணையில் ஒன்று குறைந்தால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளைப் பாருங்கள். இரண்டு மூன்று இணைகள் கிடைத்து, அவற்றுக்கு இடையில் வெறும் காற்புள்ளி நின்றால், 'வாக்கியம் எங்கே முடிகிறது' என்ற பகுதிக்குச் செல்லுங்கள். கணினி நீலக் கோடிட்டுக் காட்டும் இடங்களை இந்தச் சோதனைக்குப் பின்னரே பார்ப்பது நல்லது. மென்பொருள் ஐயப்படும் இடம் பெரும்பாலும் ஐயப்பட வேண்டிய இடமாகவே இருக்கும். ஆனால் அது பரிந்துரைக்கும் மாற்றம் சில வேளைகளில் நீங்கள் சொல்ல வந்த பொருளையே மாற்றிவிடும்.

அறிகுறி: வினையே இல்லை, அல்லது வேண்டாத வினை ஒன்று கூட நிற்கிறது

'மை ஃபாதர் எ ஃபார்மர்', 'தி ரோடு வெரி பேட்' போன்ற வாக்கியங்களில் வினையைத் தேடினால் கிடைக்காது. 'என் தந்தை விவசாயி' என்பது தமிழில் குறையற்ற வாக்கியம். பள்ளியில் இதைப் பெயர்ப் பயனிலை என்று படித்திருப்போம். ஆங்கிலத்தில் பெயர்ப் பயனிலை என்ற ஒன்றே கிடையாது. பெயரோ பெயரடையோ பயனிலையாக வர வேண்டுமானால் அதற்கு முன் 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' ஆகியவற்றுள் ஒன்று நின்றாக வேண்டும்: 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்.'

இது எளிய பழுது. பலரும் பள்ளியிலேயே இதைத் திருத்திக்கொண்டுவிடுகிறார்கள். திருத்திக்கொண்ட பின் வரும் பழுதுதான் பிடிவாதமானது. 'இஸ்', 'ஆம்' இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்று மனத்தில் பதிந்துவிட்டதால், வேறு வினை இருக்கும் இடத்திலும் அதைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். தன்விவரக் குறிப்புகளில் நான் மிக அதிகமாகக் காணும் வாக்கியம் 'ஐ ஆம் கம்ப்ளீட்டட் மை டிகிரி' என்பது. அதற்கு அடுத்தபடியாக 'ஐ ஆம் அக்ரீ'. இங்கே செய்ய வேண்டிய சோதனை, 'ஆம்' என்பதற்குப் பின் என்ன நிற்கிறது என்று பார்ப்பது. பெயர் நிற்கலாம், பெயரடை நிற்கலாம், இடத்தைச் சொல்லும் தொடர் நிற்கலாம், 'இங்' ஒட்டிய வினை நிற்கலாம். வினையின் மூன்றாம் வடிவம் நின்றால், எழுவாய் அந்தச் செயலைச் செய்யவில்லை, அதற்கு உள்ளாகிறது என்று பொருளாகும். 'தி பிராஜெக்ட் வாஸ் கம்ப்ளீட்டட்' என்பது சரி, ஏனென்றால் திட்டம் தன்னைத்தானே முடித்துக்கொள்வதில்லை. நீங்கள் பட்டப்படிப்பை முடித்தவர் என்பதால் 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி' என்று எழுதி, 'ஆம்' என்பதை அகற்றிவிடுங்கள். 'அக்ரீ' தானே ஒரு வினை. அதற்குத் துணை தேவையில்லை.

அறிகுறி: எழுவாய் காணவில்லை, அல்லது எழுவாய்க்குரிய இடத்தில் வேறொருவர் நிற்கிறார்

'இஸ் ரெயினிங்', 'இஸ் வெரி லேட் நவ்' என்று எழுதுகிறவர், தமிழின் தோன்றா எழுவாயை அப்படியே கொண்டுவந்திருக்கிறார். ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியத்தில் மட்டுமே எழுவாய் மறைந்திருக்கலாம். மற்ற இடங்களில் சொல்வதற்கு யாருமே இல்லாவிட்டாலும் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. 'இட்' அல்லது 'தேர்' வந்து அமர வேண்டும். 'இட் இஸ் ரெயினிங்' என்பதில் 'இட்' எதைக் குறிக்கிறது என்று ஆராய்வது வீண். அது எதையும் குறிக்கவில்லை, இடத்தை மட்டும் நிரப்புகிறது.

இன்னொரு வகை, நான்காம் வேற்றுமையால் வருவது. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு ஆங்கிலம் தெரியும்', 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்று தமிழில் 'கு' உருபு ஏற்று நிற்கிறவர், ஆங்கிலத்தில் எழுவாயாகவே வருகிறார்: 'ஐ ஆம் ஹங்கிரி', 'ஐ நோ இங்கிலீஷ்', 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. பசி, விருப்பம், தேவை, நினைவு, உடைமை ஆகியவற்றைப் பற்றி எழுதும்போதெல்லாம், தமிழ் வாக்கியத்தில் 'எனக்கு' என்று தொடங்கியிருந்தால் ஆங்கிலத்தில் 'ஐ' என்று தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் பின் வாக்கியம் தானாகவே நேராகிவிடும்.

அறிகுறி: காலம் இரண்டு முறை காட்டப்படுகிறது, அல்லது 'எஸ்' தவறான இடத்தில் நிற்கிறது

'ஐ டிட் நாட் வென்ட்', 'டிட் யு கேம்?', 'ஹி டஸ் நாட் நோஸ்' ஆகிய மூன்றும் ஒரே பழுதின் மூன்று தோற்றங்கள். ஒரு வினைத் தொடரில் காலமும் எண்ணும் முதலில் வரும் வினையில் ஒரே ஒரு முறைதான் காட்டப்படும். 'டிட்' இறந்தகாலத்தைக் காட்டிவிட்ட பின் 'கோ' என்பது மாற்றமில்லாமல் நிற்க வேண்டும். 'டஸ்' என்பதில் 'எஸ்' ஒலி ஏற்கெனவே வந்துவிட்டதால் 'நோ' அதைத் திரும்பத் தாங்கக் கூடாது. 'கேன்', 'வில்', 'ஷுட்', 'மஸ்ட்' ஆகியவற்றுக்குப் பின்னும் இதே நிலைதான்.

தமிழ் வினை, இடம், எண், பால் என்று எல்லாவற்றுக்கும் விகுதி மாறுவது. அப்படிப்பட்ட மொழியில் வளர்ந்தவர்களுக்கு, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஒட்டும் ஒரே ஒரு 'எஸ்' ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பது வியப்புக்குரியது. ஒருகால் அது தனியாக நிற்பதால்தான் மறந்துபோகிறது. பழைய ஆங்கிலத்தில் இப்படி இல்லை. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் முன்னிலைக்கும் படர்க்கைக்கும் தனித்தனி விகுதிகள் இருப்பதைக் காணலாம். அவை உதிர்ந்த பின் எஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் இந்த 'எஸ்'.

எழுவாய்க்கும் வினைக்கும் இடையே வேறு சொற்கள் நுழையும்போது இது இன்னும் நழுவும். 'தி லிஸ்ட் ஆஃப் டாக்குமென்ட்ஸ் ஆர் அட்டாச்ட்' என்பதில் வினை தனக்குப் பக்கத்திலிருக்கும் 'டாக்குமென்ட்ஸ்' என்ற பன்மையைப் பார்த்து மாறிவிட்டது. இணைக்கப்பட்டது பட்டியல், ஆகவே 'இஸ்' வேண்டும். நம்மிடையே மிகப் பரவலான 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதில் பழுது வேறு விதமானது. பலருள் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மை வர வேண்டும். எழுவாய் அந்த ஒருவரே என்பதால் வினை ஒருமையாக வேண்டும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ நர்ஸ்.'

அறிகுறி: கேள்வி கேள்வியாக ஒலிக்கவில்லை, கேள்வி அல்லாதது கேள்வியாக ஒலிக்கிறது

தமிழில் கேள்வி கேட்கச் சொல் வரிசையைத் தொட வேண்டியதில்லை; 'வந்தானா' என்று ஓர் 'ஆ' சேர்த்தால் முடிந்தது. ஆங்கிலத்தில் துணைவினை எழுவாய்க்கு முன்னே தாவ வேண்டும். 'வொய் யு ஆர் லேட்?' என்பது 'வொய் ஆர் யு லேட்?' என்றாக வேண்டும். இதைக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்று எழுதத் தொடங்குகிறார்கள். இங்கே கேள்வி ஒரு பெரிய வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. அடங்கிய கேள்வியில் தாவல் இல்லை: 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.' வாக்கியத்தின் இறுதியில் வினாக்குறி வருமா, முற்றுப்புள்ளி வருமா என்று முடிவு செய்யுங்கள். முற்றுப்புள்ளி என்றால் துணைவினையைத் தாவ விடாதீர்கள்.

அறிகுறி: காலம் சரியாகத் தோன்றினாலும் ஆண்டோ நாளோ சேர்ந்ததும் உறுத்துகிறது

'ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வது இயல்பு. அதை அப்படியே கொண்டுவந்தால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று ஆகிறது. இதில் இரண்டு பழுதுகள் உள்ளன. கடந்த காலத்தில் தொடங்கி இன்றும் நீடிப்பதை ஆங்கிலம் வெறும் நிகழ்காலத்தில் சொல்லாது. 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று இரண்டு காலங்களையும் இணைத்துச் சொல்லும். அடுத்தது, 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைக் கேட்கும் சொல். நீளத்தைச் சொல்ல 'ஃபார்' வேண்டும். ஆகவே 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்' அல்லது 'சின்ஸ் 2019'. தமிழில் 'ஆக' ஒட்டியிருந்தால் 'ஃபார்', 'இலிருந்து' ஒட்டியிருந்தால் 'சின்ஸ்' என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தவறாது.

'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' என்பது மற்றொன்று. 'ஹேவ்' சேர்ந்த இந்த வடிவம், முடிந்த செயலை இன்றைய நிலையோடு சேர்த்துச் சொல்வதற்கானது. எப்போது என்று குறிப்பிட்ட நாளோ ஆண்டோ வந்தவுடன் அது இடம் தராது. ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் 'கம்ப்ளீட்டட்' மட்டும் போதும். ஆண்டு வேண்டாமென்றால் 'ஹேவ் கம்ப்ளீட்டட்' நிற்கலாம். 'நேற்று பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் சொல்ல முடிவதால் இந்தத் தடை நமக்கு இயல்பாகத் தென்படுவதில்லை.

'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்' ஆகியவற்றைப் பற்றி ஒரு வரி போதும்: உடைமை, அறிவு, விருப்பம் போன்ற நிலைகளுக்கு 'இங்' ஒட்டாது. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரியே, அங்கே 'ஹேவ்' உண்பதைக் குறிக்கிறது.

அறிகுறி: 'எ', 'அன்', 'தி' எங்கே வேண்டும் என்று தெரியவில்லை

இதில் எவ்வளவு தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள், ஏனென்றால் தமிழில் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. ஆனால் இவை பார்க்கும் வேலை தமிழிலும் நடக்கிறது. 'நேற்று புத்தகம் வாங்கினேன்', 'நேற்று புத்தகத்தை வாங்கினேன்' என்ற இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தைக் கேட்பவர் 'என்ன புத்தகம்?' என்று கேட்பார். இரண்டாவதைக் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் எதையோ தவறவிட்டதாக விழிப்பார். அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும்போது, 'ஐ' உருபு இல்லாத இடத்தில் ஆங்கிலத்தில் 'எ' வரும், 'ஐ' உருபு கட்டாயம் வேண்டிய இடத்தில் 'தி' வரும் என்று கொண்டால், இத்தகைய இடங்களில் பெரும்பாலானவை தெளிந்துவிடும். உயர்திணைக்கு இந்தச் சோதனை உதவாது, ஏனென்றால் 'பையனை அழைத்தான்' என்று அங்கே உருபு எப்போதும் வந்துவிடும். எழுவாயாக நிற்கும் பெயருக்கும் உதவாது. அங்கெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி, 'எது என்று படிப்பவருக்குத் தெரியுமா?' என்பதே. எழுதுகிறவருக்குத் தெரிந்திருப்பது போதாது.

பொதுவாகச் சொல்லும்போது, எண்ண முடியாத பெயருக்கும் பன்மைப் பெயருக்கும் எதுவும் வேண்டாம்: 'லைஃப் இஸ் ஹார்ட்', 'டாக்ஸ் பார்க்'. எண்ண முடியாதது எது என்பதில் இரு மொழிகளும் ஒத்துப்போவதில்லை. தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று நாம் தாராளமாகப் பன்மை இடுவோம். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்யுப்மென்ட்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் 'எஸ்' சேராது, 'எ' என்பதும் முன்னே வராது. இதற்கு எதிர்த்திசையில், 'பத்துப் புத்தகம்' என்று தமிழில் 'கள்' இல்லாமல் சொல்லலாம் என்பதால் 'டென் புக்' என்று எழுதிவிடுகிறோம். எண் இருந்தாலும் ஆங்கிலத்தில் பன்மை விகுதி கட்டாயம்.

'எ' வேண்டுமா, 'அன்' வேண்டுமா என்பதற்குத் தமிழர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' என்று நாம் பின்பற்றும் விதிதான் அது. அடுத்து வரும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'அன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ'. 'அன் எம்.எல்.ஏ.', 'எ யுனிவர்சிட்டி' என்று ஆங்கில எழுத்தைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இது விரைவில் விடை தரும். 'ஹவர்' என்று எழுதுவதை 'அவர்' என்று ஒலிப்பதால் அதற்கு 'அன்'. ஒரே எச்சரிக்கை: 'ஒன்வே' என்று நாம் எழுதும் சொல் ஆங்கில ஒலிப்பில் 'வ'கரத்தில் தொடங்குவது, அதற்கு 'எ'.

அறிகுறி: வாக்கியம் எங்கே முடிகிறது என்று படிப்பவருக்குத் தெரியவில்லை

நிறுத்தக்குறிகளில் வரும் பழுதுகளுள் முதன்மையானது இது. இதைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள் அனைவருக்கும் மனப்பாடமாகியிருக்கும் விடுப்பு விண்ணப்ப வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் தி கிளாஸ்.' எத்தனை தலைமுறைகள் இதைக் கேலி செய்திருந்தாலும், இது பழுதில்லாத கலவை வாக்கியம். முதல் பாதி துணை வாக்கியம், இரண்டாம் பாதி முதன்மை வாக்கியம், நடுவில் காற்புள்ளி.

இதை ஒவ்வொரு விதமாக உடைத்துப் பார்த்தால் பழுதுகளின் வகைகள் தெரிந்துவிடும். 'ஃபீவர்' என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தால் முதல் பாதி அந்தரத்தில் தொங்கும். எழுவாயும் வினையும் இருந்தும் அது வாக்கியமாகாது, ஏனென்றால் 'ஆஸ்' என்ற சொல் அதை இன்னொன்றைச் சார்ந்ததாக்கிவிட்டது. 'பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்.' என்று தனியாக எழுதுவதும் இதே பழுது. 'ஏனென்றால்' என்று தமிழில் புதிய வாக்கியத்தைத் தொடங்கலாம் என்பதால் இது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. 'பிகாஸ்' என்பதை 'ஏனென்றால்' என்று கொள்ளாமல் 'தாமதமானதால்' என்பதில் வரும் 'ஆல்' என்று கொள்ளுங்கள். 'பேருந்து தாமதமானதால்' என்று எழுதி யாரும் முற்றுப்புள்ளி வைக்க மாட்டார்கள்.

இனி 'ஆஸ்' என்பதை நீக்கிவிட்டுக் காற்புள்ளியை மட்டும் விட்டுவைத்தால், தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள் ஒரு காற்புள்ளியால் ஒட்டப்பட்டு நிற்கும். தமிழ் உரைநடையில் இதைப் பொறுத்துக்கொள்வார்கள்; ஆங்கிலத்தில் முறையான எழுத்தில் இது பிழை. முற்றுப்புள்ளி வைத்துப் பிரிக்கலாம், அரைப்புள்ளி வைக்கலாம், காற்புள்ளிக்குப் பின் 'அண்ட்', 'பட்', 'ஸோ' போன்ற இணைப்புச்சொல் ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது ஒன்றைத் துணை வாக்கியமாக்கலாம். ஐயமிருந்தால் முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து; சிறிய வாக்கியங்களுக்காக யாரும் விண்ணப்பத்தை நிராகரிப்பதில்லை. 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' ஆகியவை இணைப்புச்சொற்கள் போலத் தோன்றினாலும் இரண்டு வாக்கியங்களை ஒட்டும் வலிமை அவற்றுக்கு இல்லை. அவற்றுக்கு முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

மூன்றாவது உடைப்பு, இணைப்பை இரண்டு முறை போடுவது: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஸோ ஐ ஆம் நாட் ஏபிள்…' அல்லது 'தோ ஹி வாஸ் இல், பட் ஹி கேம்.' தமிழில் 'உடல்நலமில்லாவிட்டாலும், ஆனாலும் வந்தார்' என்று அழுத்தத்துக்காகச் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் இரண்டு பாதிகளுக்கு ஒரு கொக்கி போதும். 'தோ' இருந்தால் 'பட்' வேண்டாம், 'பட்' இருந்தால் 'தோ' வேண்டாம்.

வினையெச்சங்களும் இங்கே தொல்லை தரும். 'கடிதத்தைப் படித்ததும் கண்ணீர் வந்தது' என்பதில் படித்தவர் வேறு, வந்தது வேறு. தமிழுக்கு அதில் சிக்கலில்லை. 'ரீடிங் தி லெட்டர், டியர்ஸ் கேம் டு மை ஐஸ்' என்று எழுதினால், ஆங்கில இலக்கணப்படி கண்ணீரே கடிதத்தைப் படித்ததாக ஆகிவிடும். தொடக்கத்தில் 'இங்' தொடர் வந்தால், காற்புள்ளிக்குப் பின் வரும் முதல் பெயர்தான் அந்தச் செயலைச் செய்தவரா என்று பாருங்கள். இல்லையென்றால் 'வென் ஐ ரெட் தி லெட்டர்' என்று எழுவாயோடு எழுதிவிடுங்கள்.

அறிகுறி: காற்புள்ளி கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறுகிறது

தமிழ் உரைநடைக்கு நிறுத்தக்குறிகள் அச்சோடு வந்து சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் நூல்களிலும் பதிப்புகளிலும் அவற்றை முறையாகக் கையாண்டார். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் தமிழ் அவை இல்லாமலேயே நடந்தது, ஏனென்றால் 'உம்', 'ஆ', 'என்று' ஆகியவை அந்தப் பணியைச் செய்தன. இதனால் இன்றும் நாம் மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி வைக்கிறோம். ஆங்கிலக் காற்புள்ளி மூச்சைவிட வாக்கிய அமைப்பையே பெரிதும் சார்ந்தது. எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே, எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும், தனிக் காற்புள்ளி வரக் கூடாது.

'மதுரையில் இருக்கும் என் தம்பி மருத்துவர்' என்ற வாக்கியத்தில் உங்களுக்குத் தம்பி ஒருவரா, பலரா என்று தெரியாது. ஆங்கிலத்தில் அதைக் காற்புள்ளி சொல்லிவிடும். 'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்' என்று இரு புறமும் காற்புள்ளி இட்டால் ஒரே தம்பி, மதுரை கூடுதல் தகவல். காற்புள்ளிகளை நீக்கினால் பலருள் மதுரையில் இருக்கும் தம்பி. ஒன்றை மட்டும் வைத்து மற்றொன்றை விட்டுவிடுவதுதான் பரவலான பழுது.

பட்டியலில் கடைசி உருப்படிக்கு முன் வரும் காற்புள்ளியை வைப்பதும் விடுவதும் நடையைப் பொறுத்தது; அமெரிக்க நூல்கள் பெரும்பாலும் வைக்கும், பிரிட்டன் செய்தித்தாள்கள் பெரும்பாலும் விடும். ஆனால் அது பணமாக மாறிய வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சட்டம், கெட்டுப்போகும் உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், சேமித்தல் முதலிய வேலைகளுக்குக் கூடுதல் நேர ஊதியத்திலிருந்து விலக்கு அளித்திருந்தது. அந்தப் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று, 'ஆர்' என்பதற்கு முன் காற்புள்ளி இல்லாமல் முடிந்தது. விநியோகம் ஒரு தனி வேலையா, அல்லது அனுப்பவோ விநியோகிக்கவோ பொதி செய்தல் என்ற ஒரே வேலையின் பகுதியா? ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள், தாங்கள் விநியோகிக்கிறோமே தவிரப் பொதி செய்வதில்லை என்று வாதிட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் தெளிவாக இல்லை என்று கூறி அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. உங்கள் பட்டியலில் கடைசி இரண்டு உருப்படிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும் அபாயம் இருந்தால், எந்த நடையைப் பின்பற்றினாலும் அங்கே காற்புள்ளி வையுங்கள்.

அறிகுறி: அப்பாஸ்ட்ரஃபியும் இடைவெளியும்

'இட்ஸ்' என்ற ஒலிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு. 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படிக்க முடிந்தால் அப்பாஸ்ட்ரஃபி வேண்டும். முடியாவிட்டால் அது 'அதனுடைய' என்ற பொருளில் வருவது, அப்பாஸ்ட்ரஃபி வேண்டாம். பன்மைக்கு அப்பாஸ்ட்ரஃபி கிடையாது. கடைப் பலகைகளில் ஐஸ்கிரீமுக்கும் ஜூஸுக்கும் அது ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பழகிவிட வேண்டாம். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி ஆகியவற்றுக்கு முன் இடைவெளி வராது, பின் வரும். தொடர் முற்றுப்பெறவில்லை என்பதைக் காட்டப் புள்ளிகள் மூன்று போதும். அலுவலக மின்னஞ்சலில் அவையும் தேவையில்லை.

அறிகுறி: எல்லாச் சோதனையும் சரி, ஆனாலும் வாக்கியம் உறுத்துகிறது

அப்படியானால் வினைக்குப் பின் வரும் சிறு சொல்லைப் பாருங்கள். 'பற்றி விவாதித்தோம்' என்பதிலிருந்து 'டிஸ்கஸ்ட் அபவுட்' வந்திருக்கும். 'டிஸ்கஸ்' என்பதற்கு 'அபவுட்' தேவையில்லை. 'எனக்கு விளக்குங்கள்' என்பது 'எக்ஸ்பிளைன் மி' என்று ஆகியிருக்கும். அங்கே 'டு' வேண்டும். 'ஹி டோல்ட் தட்' என்பதில் யாரிடம் என்பது விடுபட்டிருக்கும். 'டோல்ட் மி தட்' என்று ஆளைச் சேர்க்கலாம், ஆள் வேண்டாமென்றால் 'செட் தட்' என்று வினையை மாற்றலாம். இவற்றுக்குப் பொது விதி தேடிப் பயனில்லை. ஒவ்வொரு வினையும் எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதை நல்ல அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பார்த்துக்கொள்வதே விரைவான வழி.

அதே வேளையில், உறுத்துவதெல்லாம் பிழையுமல்ல. 'பிரிபோன்' என்ற சொல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருக்கிறது. 'டு தி நீட்ஃபுல்' என்பது பிரிட்டிஷார் ஒருகாலத்தில் எழுதி, பிறகு தாமே கைவிட்ட தொடர். இரண்டிலும் இலக்கணப் பழுது இல்லை. கடிதம் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிறதென்றால் அப்படியே விட்டுவிடலாம். இந்திய ஆங்கிலம் அறியாத ஒருவருக்குப் போகிறதென்றால், கூட்டத்தை முன்னதாக நடத்துவதை 'மூவ்ட் அப்' என்றும், என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தச் செயலின் பெயராலேயே நேரடியாகவும் எழுதிவிடுங்கள்.